மார்க்குச் சல்லடையும் வாலிப டாக்டர்களும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒவ்வொரு வருஷமும் மார்ச்சு மாதத்து மூன்றாவது வெள்ளிக்கிழமையன்று பல்லாயிரம் வாலிப டாக்டர்களின் தலையெழுத்து ஒரே நாளில் வெளியாகிறது. வைத்தியக் கலாசாலையில் தேறியவர்கள் எந்த ஆஸ்பத்திரியில், எந்தத் துறையில் மேற்பயிற்சி பெறப்போகிறார்கள் என்பது அன்றுதான் தெரியும். அந்தப் பயிற்சிக்கு அங்கே ரெஸிடென்ஸி என்று பெயர். பயிற்சி ஸ்தானங்களையும் மனுதாரர்களையும் பொருத்திவிடும் ஏற்பாட்டுக்கு மேட்ச் என்று பெயர். ரெஸிடென்ஸி கிடையாதவருக்கு டாக்டர் என்ற பட்டம் உண்டு; பெரும்பாலான ராஜ்யங்களில் வைத்தியம் பார்க்கும் லைசென்ஸ் கிடையாது. லக்ஷக்கணக்கான டாலர் கடனைச் சுமந்துகொண்டு, கையில் பட்டத்துடன் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

கடலுக்கு அப்பால் நடக்கும் இக்கூத்து நமக்கெதற்கு என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். அந்நாட்டில் வைத்தியம் பார்க்கும் டாக்டர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வெளிநாட்டுக் கலாசாலைகளில் படித்தவர். அவர்களுள் இந்தியாவில் படித்தவர்களின் கூட்டமே பெரிது. நம் தமிழ்நாட்டுக் கலாசாலைகளிலிருந்து போனவர்களும் அதில் அடக்கம். ஆகவே அங்குள்ள கதவு எப்படித் திறக்கிறது, யாருக்குத் திறக்க மறுக்கிறது என்பதை நம்மவர் அறிந்திருப்பது அவசியம். அதிலும், பரீக்ஷையில் குறைந்த மார்க்கு வாங்கிவிட்டுப் போட்டி மிகுந்த துறைகளுக்கு ஆசைப்படும் வாலிபர்களின் கதி என்ன என்பது வெறும் அமெரிக்கக் கேள்வி மட்டுமன்று. மார்க்கைத் தெய்வமாக்கிக் கும்பிடும் எல்லாத் தேசத்தாரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வைத்தியம் பார்க்கத் தகுதியுடையவர் என்று சட்டப்படியான பரீக்ஷையில் தேறிய ஒருவருடைய மனுவை, அவருடைய எண் சில புள்ளிகள் குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் பிரித்துப் பாராமலே குப்பையில் தள்ளும் வழக்கம் அநியாயமானது. மார்க்கே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்களிடத்திலும் நமக்குச் சண்டை உண்டு. அதைப் பின்னால் சொல்வோம்.

மேட்ச் என்ற ஏற்பாட்டின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1940-களின் ஆரம்பத்தில் ஆஸ்பத்திரிகள் மாணவர்களைப் பிடிப்பதில் ஒன்றோடொன்று பந்தயம் போட்டன. படிப்பு முடிய இரண்டு வருஷம் இருக்கும்போதே மாணவனைப் பேசி முடித்துவிடுவது என்ற நிலை வந்தது. 1945-ல் கலாசாலைகள் ஒன்றுகூடி, குறித்த தேதிக்கு முன் மாணவர்களைப்பற்றிய தகவல் எதையும் வெளியிடுவதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொண்டன. உடனே வியாதி வேறிடத்தில் வெடித்தது. ஆஸ்பத்திரி கொடுக்கும் அழைப்புக்குப் பதில் சொல்ல மாணவனுக்கு முதலில் 10 நாள் தவணை இருந்தது. அது வருஷத்துக்கு வருஷம் தேய்ந்தது. 1949-ல் 12 மணி நேரத் தவணை என்று யோசனை வந்தபோது, அதுவும் அதிகம் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவர்கள்கூட இதைவிட அதிகமாக அவகாசம் கொடுப்பார்கள்!

இந்த அமளிக்குப் பின்தான் 1952-ல் மேட்ச் நடைமுறைக்கு வந்தது. மனுதாரர் தமக்கு விருப்பமான ஸ்தானங்களை வரிசைப்படுத்தி ஒரு ஜாபிதா கொடுக்கிறார். ஆஸ்பத்திரியும் தனக்கு விருப்பமான மனுதாரர்களை வரிசைப்படுத்தி ஒரு ஜாபிதா கொடுக்கிறது. இரண்டையும் ஒரு மத்திய ஸ்தாபனம் கணக்குப்போட்டுப் பொருத்துகிறது. இதிலே நம் அரசியல் ஊழியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முதலில் வகுத்த கணக்கு முறையில், எட்டாத ஆஸ்பத்திரி ஒன்றை ஆசைப்பட்டு முதலிடத்தில் எழுதிவிட்ட மாணவன், அது கிடைக்காமற் போவதோடு நில்லாமல் கைக்கெட்டிய இரண்டாவதையும் இழக்க நேரும். மாணவர்கள் 1951-ல் கிளர்ச்சி செய்தார்கள், கணக்கு மாற்றப்பட்டது. பெரிய மனிதர்கள் கூடி வகுத்த திட்டத்தில் இருந்த குற்றத்தை, அத்திட்டத்துக்கு ஆளாகப் போகிற பிள்ளைகளே கண்டுபிடித்துத் திருத்தவைத்தார்கள்.

1962-ல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரண்டு கணித சாஸ்திரிகள் இவ்விதப் பொருத்தத்தின் தத்துவத்தை நிரூபித்தார்கள். ஆல்வின் ராத் என்ற பொருளாதார நிபுணர் 1984-ல் மேட்ச்சின் கணக்கை அதோடு ஒப்பிட்டு விளக்கினார். பின்பு அவரும் எலியட் பெரான்ஸனும் சேர்ந்து மனுதாரருக்கு அனுகூலமாகத் திருத்திய முறை 1998-ம் வருஷத்து மேட்ச்சிலிருந்து அமலாயிற்று. ஷேப்லிக்கும் ராத்துக்கும் 2012-ல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசும் கிடைத்தது. குறைந்த மார்க்குக்காரர் இதிலிருந்து அறிய வேண்டுவது இதுவே. தம் மனத்துக்குப் பிடித்த வரிசையிலேயே ஜாபிதாவை எழுத வேண்டும். "நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது" என்று பயந்து, விரும்பியதைக் கீழேயும் விரும்பாததை மேலேயும் எழுதுவதால் ஒரு சல்லிக்காசு லாபமில்லை. ஆசையை மேலே எழுதியதற்காக யந்திரம் தண்டனை விதிப்பதில்லை.

ஆகவே யந்திரத்தின்மேல் நமக்குப் புகார் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியின் ஜாபிதாவில் ஒருவருடைய பெயர் இருந்தால்தானே யந்திரம் அவரைப் பொருத்தும்? பேட்டிக்கு அழைக்கப்படாதவருடைய பெயர் அந்த ஜாபிதாவில் ஏறாது. பேட்டிக்கு யாரை அழைப்பது என்பதைத் தீர்மானிக்கும் சல்லடை யந்திரத்துக்கு வெளியே இருக்கிறது. நியாயம் குலைவது அங்கேதான்.

அந்தச் சல்லடையின் பெயர் யு.எஸ்.எம்.எல்.இ. பரீக்ஷை. 1992-ல் தொடங்கிய இப்பரீக்ஷை லைசென்ஸ் கொடுப்பதற்காக ஏற்பட்டது. இன்னார் நோயாளியைத் தொடலாமா, கூடாதா என்று சொல்வதே அதன் வேலை. தேறியவர்களில் யார் முதல், யார் கடை என்று தரம் பிரிப்பதற்காக அது ஏற்பட்டதன்று. ஆனால் மனுக்களை மின்வழியில் அனுப்பும் ஏற்பாடு 1990-களில் வந்ததும், ஒருவர் பத்து இடத்துக்கு மனுச் செய்த காலம் போய், ஐம்பது இடத்துக்கும் நூறு இடத்துக்கும் மனுச் செய்யும் காலம் வந்தது. ஒவ்வொரு டைரக்டரின் மேஜையிலும் சில ஸ்தானங்களுக்கு நூற்றுக்கணக்கில் மனுக்கள் குவிந்தன. எல்லாவற்றையும் படிக்க அவருக்குப் பொழுதில்லை. இன்ன எண்ணுக்குக் கீழே உள்ளவற்றை மறைத்துவிடு என்று ஒரு கட்டளை போட்டால் குவியல் பாதியாகிவிடும். லைசென்ஸ் பரீக்ஷை தரப் பரீக்ஷையானது இப்படித்தான். யாரும் கூடி யோசித்துச் செய்த முடிவன்று. சோம்பலும் அவசரமும் சேர்ந்து செய்த முடிவு.

டைரக்டர்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பயிற்சி முடித்தவர்கள் தத்தம் துறையின் போர்டு பரீக்ஷையில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதைக்கொண்டும் பயிற்சி ஸ்தாபனத்தின் அங்கீகாரம் பரிசீலிக்கப்படுகிறது. எழுத்துப் பரீக்ஷையில் நன்றாகச் செய்தவர் அடுத்த எழுத்துப் பரீக்ஷையிலும் நன்றாகச் செய்வார் என்று நம்புவதில் தவறில்லை. ஆனால் எழுதுகிற கையும் ஊசி போடுகிற கையும் ஒன்றா? ரெஸிடெண்டுகள் கற்றுக்கொண்ட கைத்திறமைக்கும் இப்பரீக்ஷை மார்க்குகளுக்கும் சம்பந்தம் காணவில்லை என்று 2011-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறிற்று. அதற்காக மார்க்கு வெறும் காகிதம் என்று கூத்தாடுவதும் சரியன்று. பென்ஸில்வேனியா ஆஸ்பத்திரிகளில் வெளிநாட்டுப் பட்டதாரிகள் கவனித்த நோயாளிகளைப்பற்றி 2014-ல் வெளியான வேறோர் ஆராய்ச்சியில், இரண்டாம் பரீக்ஷையில் அதிக மார்க்குப் பெற்ற டாக்டர்களின் நோயாளிகளிடையே மரணம் குறைவாக இருந்தது கண்டறியப்பட்டது. பெரிய வித்தியாசத்துக்கு அர்த்தம் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். நமது ஆட்சேபம் சிறிய வித்தியாசத்தைப் பெரிதாக்குவதைப்பற்றியது. ஒரே ஆள் வேறொரு நாளில் இதே தரத்துப் பரீக்ஷையை எழுதினால் அவர் மார்க்கு ஆறேழு புள்ளி ஏறலாம், இறங்கலாம் என்று பரீக்ஷை நடத்துகிறவர்களே கூறியிருக்கிறார்கள். 239 வாங்கியவருக்கும் 241 வாங்கியவருக்கும் உள்ள பேதத்தைப் பரீக்ஷையே அறியாது. ஆனால் 240 என்று கோடு கிழித்த டைரக்டர் அறிவாராம்!

இன்னொரு விசித்திரமும் உண்டு. அந்தப் பரீக்ஷையில் தோற்றவர் மறுபடி எழுதலாம். குறைந்த மார்க்கில் தேறியவர், கால வரம்பு போன்ற காரணங்களுக்காகவன்றி, மார்க்கை உயர்த்திக்கொள்வதற்காக மறுபடி எழுத முடியாது. தாயார் மரணப் படுக்கையில் இருந்த வாரத்தில் எழுதினாலும் சரி, ஜுரத்தோடு எழுதினாலும் சரி, அந்த எண் அவரோடு ஒட்டிக்கொண்டுவிடும். சட்டத்தின் கண்ணில் அவர் பூரணத் தகுதியுள்ளவர். டைரக்டரின் கண்ணில் அவர் இல்லவே இல்லை. இரண்டாம் பரீக்ஷையில் தேறுவதற்கு 2025 ஜூலை முதல் 218 வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். எழுதுகிறவர்களின் சராசரியோ 250-ஐ ஒட்டி நிற்கிறது. 225 வாங்கியவர் நோயாளியைத் தொடலாம் என்று ஒரு சபை சொல்கிறது. அவருடைய மனுவைத் தொடக்கூடாது என்று மற்றொரு சபை நடந்துகொள்கிறது.

இந்தக் கூக்குரல் அதிகமாகிவிட்டதனால், முதற் பரீக்ஷைக்கு எண் கொடுப்பது 2022 ஜனவரி 26 முதல் நிறுத்தப்பட்டது. இப்போது தேறினார், தேறவில்லை என்பதோடு சரி. சீர்திருத்தக்காரர்கள் ஜய கோஷமிட்டார்கள். விளைவு என்ன? எண்ணின்மேல் இருந்த மோகம் அப்படியே இரண்டாம் பரீக்ஷைக்குக் குடி மாறிற்று. முன்பு இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று சறுக்கினால் மற்றொன்றில் நிமிரலாம். இப்போது இருப்பது ஒன்றே. இரண்டாவதாக, ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்ணிக்கையில் பந்தயம் வலுத்தது. மூளை ரண சிகிச்சைத் துறையில் 2022-ல் ஸ்தானம் பெற்ற அமெரிக்கக் கலாசாலை மாணவர்கள் தலைக்குச் சராசரி 25.5 கட்டுரைகளும் சுருக்கங்களும் மகாநாட்டுப் பிரசங்கங்களும் காட்டியிருந்தார்கள். கலாசாலையை விட்டு வெளிவராத பிள்ளைக்கு இருபத்தைந்து கிரந்தங்கள்! நம் பண்டிதர்கள் ஆயுள் முழுதும் எழுதியது இவ்வளவு இராது. இதில் விஞ்ஞானம் எத்தனை பங்கு, காகிதம் எத்தனை பங்கு என்பதை நேயர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம்.

மார்க்கே வேண்டாம் என்பவர்களோடு நமக்குள்ள வழக்கு இதைத் தொட்டது. மார்க்கு ஒரு கொடிய எஜமானன்தான். ஆனால் அதற்கு முன்னிருந்த எஜமானன் யார் என்பதை மறக்கக்கூடாது. சிபார்சு, குலம், கோத்திரம், பிரபல கலாசாலையின் பெயர், மாமன் மச்சான் உறவு - இவைதான் மார்க்குக்கு முன் ராஜ்யம் ஆண்டவை. பரீக்ஷை மண்டபத்தில் இன்னார் மகன் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை தனக்காக வாதாட ஒரு வக்கீலும் இல்லாதபோது, 260 என்ற எண் அவனுக்காக வாதாடிற்று. அதிலும் இந்தியாவிலிருந்து போகிற வாலிபருக்கு அங்கே தெரிந்த ஆசிரியர் இல்லை. சொந்தக் கலாசாலையின் ஆஸ்பத்திரி இல்லை. அவருடைய கலாசாலையின் பெயரை டைரக்டர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார். முதற் பரீக்ஷையின் எண்ணை ஒழித்தபோது, அமெரிக்க மாணவருக்கு ஒரு பாரம் இறங்கிற்று. நம்மவருக்கு இருந்த வாய்களில் ஒன்று அடைபட்டது. 2024-ம் வருஷத்து மேட்ச்சில் அமெரிக்க எம்.டி. கலாசாலைகளின் கடைசி வருஷ மாணவர்களில் 93.5 சதவீதத்தினர் ஸ்தானம் பெற்றார்கள். அந்நாட்டுப் பிரஜைகளல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளிலோ 58.5 சதவீதத்தினர். எண்ணை ஒழிப்பது மட்டும் நீதியாகிவிடாது என்பதற்கு இந்த வித்தியாசத்தைக் காட்டிலும் வேறு சாக்ஷி வேண்டுமா?

எண்ணின்மேல் வைத்த மோகம் எதுவரை போகும் என்பதற்கு அண்மையில் நடந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். நேபாளத்தோடு தொடர்புடைய பரீக்ஷார்த்திகள் சிலருடைய முடிவுகளின் உண்மையில் சந்தேகம் ஏற்பட்டு, அவை செல்லாவென்று பரீக்ஷை அதிகாரிகள் 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். விஷயம் நியாயஸ்தலம் வரை போயிற்று. அதில் யார் குற்றவாளி, யார் நிரபராதி என்று தீர்ப்பளிக்க நாம் முன்வரவில்லை. வாழ்வு முழுவதையும் ஒரே எண்ணில் கட்டித் தொங்கவிட்டால், அந்தக் கயிற்றை அறுக்கவும் திருடவும் ஆட்கள் கிளம்புவார்கள் என்பதை மட்டும் சொல்கிறோம்.

ஆகவே எண் வாசற்படியாக இருக்கட்டும் என்கிறோம். படியைத் தாண்டியவருடைய மனுவை ஒரு மனிதர் படிக்கட்டும். அதற்குப் பொழுது எங்கே என்றால், மனுக்களின் வெள்ளத்தைக் குறைப்பதே வழி. இத்திசையில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. காது, மூக்கு, தொண்டை வைத்தியத் துறையினர் 2020-21-ம் வருஷத்தில் ஒரு முறையைத் தொடங்கினர். ஒவ்வொரு மனுதாரரும் ஐந்து ஸ்தாபனங்களுக்கு மட்டும், "உங்களிடம் வர எனக்கு விசேஷ விருப்பம்" என்று குறிப்புக் காட்டலாம். எலும்பு ரண சிகிச்சைத் துறையில் இதை முப்பது என்று விரித்தார்கள். மற்ற துறைகளும் தத்தம் மனம்போல் எண்ணிக்கை வைத்துக்கொண்டன. மெய்யாக வர விரும்புகிறவர் யார் என்பது டைரக்டருக்குத் தெரிவதால், குறைந்த மார்க்குக்காரரின் மனுவும் சில இடங்களிலாவது படிக்கப்படுகிறது. எண்ணைப்போல் இதுவும் ஒரு சல்லடைதான். ஆனால் மனுதாரரே கையில் பிடித்துக்கொள்ளும் சல்லடை.

குறைந்த மார்க்கு வாங்கிய வாலிபர்களுக்கு நாம் ஆறுதல் வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பப் போவதில்லை. சரும வைத்தியம், மூளை ரண சிகிச்சை, பிளாஸ்டிக் ரண சிகிச்சை முதலியவற்றில் ஸ்தானங்கள் கொஞ்சம், ஆசைப்படுகிறவர்கள் அதிகம். அவற்றில் குறைந்த எண்ணோடு நுழைந்தவர்கள் உண்டு. நுழையாதவர்கள் மிக அதிகம். நுழைந்தவர்களின் வழியைப் பார்த்தால் அதில் மந்திரம் ஒன்றுமில்லை. முதற் பரீக்ஷையில் தடுக்கியவர் இரண்டாவதை அவசரப்படாமல், போதிய அவகாசம் எடுத்துக்கொண்டு எழுதியிருப்பார். தாம் விரும்பும் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் போய் வேலை செய்து, விடியற்காலையில் வந்து இரவில் போய், அங்குள்ள டாக்டர்கள் தம்மை எண்ணாகப் பாராமல் ஆளாகப் பார்க்கும்படி செய்திருப்பார். அந்த டாக்டர் எழுதும் கடிதத்துக்கு இருக்கும் பலம் பத்து மார்க்குக்கு இல்லை. பரீக்ஷையில் ஒரு தடவை தோற்றிருந்தால் அதை மறைக்க முயல்வது பயனற்றது. எத்தனை தடவை எழுதினார், என்ன முடிவு என்பதெல்லாம் தஸ்தாவேஜில் இருக்கிறது; கேட்டால் இரண்டு வாக்கியத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு மேலே போவதுதான் கண்ணியம்.

ஒரு வருஷம் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கி, ஒரு துறைப் பேராசிரியரின் கீழ் வேலை செய்து உள்ளே போகிறவர்களும் உண்டு. இது நல்ல வழிதான். ஆனால் பணமுள்ளவனின் வழி. ஊதியம் இல்லாமலோ அற்ப ஊதியத்துக்கோ அந்நிய நகரத்தில் ஒரு வருஷம் காலம் தள்ள எத்தனை பேரால் முடியும்? மதுரைப் பக்கத்து விவசாயியின் மகன், நிலத்தை அடகு வைத்து அனுப்பப்பட்டவன், இன்னும் ஒரு வருஷம் என்று தகப்பனாருக்கு எழுதுவது எப்படி? அவனுக்கு நாம் சொல்வது, ஒரே துறையைக் கட்டிக்கொண்டு அழவேண்டாம் என்பதுதான். இரண்டாவது துறை ஒன்றையும் மனப்பூர்வமாகத் தேர்ந்தெடுத்து மனுச் செய்ய வேண்டும். மேட்ச் வாரத்துத் திங்கட்கிழமையன்று ஸ்தானம் இல்லை என்று தெரிந்தவர்களுக்கு, நிரம்பாத ஸ்தானங்களுக்கு மனுச் செய்யும் ஏற்பாடு ஒன்று 2012 முதல் இருக்கிறது. அந்தச் சில நாட்களின் பரபரப்பில் நிதானம் இழக்காமலிருக்க முன்கூட்டியே காகிதங்களைச் சித்தம் செய்து வைத்திருக்க வேண்டும். "எந்த மார்க்குக்கும் ஸ்தானம் வாங்கித் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் தரகர்களிடம் மட்டும் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். மேட்ச் யந்திரத்துக்குத் தரகன் முகம் தெரியாது.

ஸ்தானங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வி வருகிறது. ரெஸிடென்ஸிப் பயிற்சிக்குப் பெரும்பகுதிப் பணம் கொடுப்பது முதியோருக்கான மெடிகேர் என்ற சர்க்கார் நிதி. 1997-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சபை வரவுசெலவைச் சரிக்கட்டுகிறோம் என்று சொல்லி, அந்த நிதியிலிருந்து ஆஸ்பத்திரிகள் பணம் பெறக்கூடிய ஸ்தானங்களுக்கு உச்சவரம்பு கட்டிற்று. சுமார் கால் நூற்றாண்டு கழித்து, 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில், வருஷத்துக்கு 200-க்கு மேற்படாமல் மொத்தம் 1,000 ஸ்தானங்களைக் கூட்டினார்கள். 2036-க்குள் 86,000 டாக்டர்கள் வரை பற்றாக்குறை ஏற்படலாம் என்று அமெரிக்க வைத்தியக் கலாசாலைகளின் சங்கமே 2024-ல் மதிப்பிட்டிருக்கிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரி! பயிற்சி பெறுகிறவர்களின் சம்பளத்தை மேட்ச் ஏற்பாடு அமுக்கி வைக்கிறதென்று 2002-ல் சில டாக்டர்கள் வழக்குத் தொடுத்தபோதோ, காங்கிரஸ் சபைக்கு அத்தனை வேகம் வந்துவிட்டது. 2004-ல் ஓய்வூதியச் சட்டம் ஒன்றின் நடுவே ஒரு பிரிவைச் செருகி, மேட்ச்சுக்கு ஏகபோக எதிர்ப்புச் சட்டத்திலிருந்து விலக்களித்துவிட்டார்கள். ஸ்தானங்களைப் பெருக்கக் கால் நூற்றாண்டு. வழக்கை மூட இரண்டே வருஷம்.

போட்டி என்பதும் எப்போதும் ஓரிடத்தில் நிற்பதன்று. அவசர சிகிச்சைத் துறை சில வருஷங்களுக்கு முன் வாலிபர்கள் முண்டியடித்த துறை. 2023-ம் வருஷத்து மேட்ச்சில் அதில் 554 ஸ்தானங்கள் காலியாக நின்றன. மறு வருஷமே காலி 135 ஆகக் குறைந்தது. சம்பளமும் ஓய்வும் எங்கே அதிகமோ அங்கே கூட்டம். கூட்டம் அதிகமான இடத்தில் மார்க்குக் கோடு உயரம். குடும்ப வைத்தியத்திலும் குழந்தை வைத்தியத்திலும் கோடு தாழ்வு. இந்த ஏற்பாட்டின் உட்பொருளை நேயர்கள் சற்றுச் சிந்திக்க வேண்டும். குறைந்த மார்க்குக்காரர் தகுதியற்றவர் என்பது மெய்யானால், கிராமத்து ஏழையின் மார்வலியையும் குழந்தையின் ஜுரத்தையும் அவரிடம் ஒப்படைப்பானேன்? தகுதியுள்ளவர் என்பது மெய்யானால், தனவந்தரின் முகத்துப் பருவை மட்டும் அவர் தொடக்கூடாது என்பானேன்? இரண்டில் ஒன்றுக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் நாட்டு நிலையும் பெருமை பேசிக்கொள்ளும்படி இல்லை. இங்கே மேற்படிப்புக்கு ஒரே பரீக்ஷையின் வரிசைதான் அநேகமாக எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது; அபேக்ஷகரின் கை எப்படி, மனம் எப்படி என்று கேட்பாரில்லை. அந்த வரிசையில் இன்ன அளவுக்குக் கீழே போனவர் தகுதியற்றவர் என்று நெடுநாள் முழங்கிவிட்டு, ஸ்தானங்கள் காலியாகக் கிடந்ததும் 2023 செப்டம்பரில் மத்திய சர்க்கார் அந்த அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டது. ஜூலையில் தகுதியில்லாதவர் செப்டம்பரில் தகுதியுள்ளவர் ஆனது எந்த வைத்திய சாஸ்திரத்தின்படி என்று நமக்கு விளங்கவில்லை. தகுதியின் பெயரால் கட்டப்பட்ட சுவர், காலி இடத்தைக் கண்டதும் தானே இடிந்து விழுந்தது!

அமெரிக்க டைரக்டர்களிடம் நாம் கேட்பது பெரிய புரட்சியன்று. இன்ன எண்ணுக்குக் கீழுள்ள மனுக்களை நாங்கள் படிக்கமாட்டோம் என்று தீர்மானித்திருந்தால், அந்த எண்ணை மனுக்கள் வாங்கும் முன்பே பகிரங்கமாக வெளியிடட்டும். பல ஸ்தாபனங்கள் இதைச் சொல்வதில்லை. எங்கள் பார்வை பூரணமானது, எல்லா அம்சங்களையும் சீர்தூக்கிப் பார்க்கிறோம் என்று எழுதிவைத்துவிட்டு, உள்ளே சல்லடையை ஓட்டுகிறார்கள். 2025-ம் வருஷ சேர்க்கைக்கு ஒரு துறையில் முதல் 30 மனுக்களுக்குத் தலா 11 டாலரும், அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலரும் கட்டணம். நூறு இடத்துக்கு மனுச் செய்தவர் 2,430 டாலர் கட்டியிருப்பார். அதில் அறுபது மனுக்களை யாரும் கண்ணால் பார்க்கவில்லை என்றால், அவற்றுக்காக அவர் கட்டிய பணம் எதற்கு விலை? படிக்கப்படாத மனுவுக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும். அல்லது கோடு எங்கே என்பதை முன்னால் சொல்லட்டும்.